பால் குடித்த மரம்

அத்தியாயம் 7

சிலுவைராஜுக்கு வாய் நீளம். இது சிராங்கூன் ரோட்டில் கோப்பிக்கடைக்காரர்களிலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள்வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. துப்பறியும் சேதுபதியிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து, கேஸ்களை முடிப்பது அவர் வேலை, முடிந்த கேஸ்களுக்குக் கண், காது, மூக்கு வைத்து ஊர் முழுக்கச் சொல்வது இவன் வேலை என்று ஒரு பாகப்பிரிவினை தானாகவே அமைந்துவிட்டது. ஆனால் அந்த வாய் அதுவரை ஒரு மனிதரையும் லாக்கப்புக்கு அனுப்பியதில்லை.

இப்போது அனுப்பிவிட்டது. அதனால்தான் சனிக்கிழமை காலை, நகைக்கடை மாடியிலிருந்த ஆபீசுக்கு ஏறப்போனவன், படிக்கட்டின் அடியில், லாக்கப்பிலிருந்த நூர்தீனின் மனைவி நஃபீசா நிற்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தான்.

"தம்பி, ஸ்டேஷன்ல என்னய உள்ள விடமாட்டேங்கறாங்க லா," என்றாள் அவள். கையில் பித்தளை டிபன் கேரியர். "இந்தச் சோத்த மட்டும் அவருகிட்ட குடுத்துடறீங்களா? நீங்கன்னா விடுவாங்க. அவரு வெளிச்சோறு சாப்பிடமாட்டாரு."

"குடுக்கறேன்க்கா."

"உங்களத்தான் நம்பியிருக்கேன். எந்தப் பாவி அவரு மேல பழி போட்டானோ, தெரியல. நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க. நல்லா இருப்பீங்க தம்பி."

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கடைகளுக்கு முன்னாலிருந்த அஞ்சடிப் பாதையில் நடந்து போனாள். அந்தப் பாவி டிபன் கேரியரைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். கேரியர் இன்னும் சூடாக இருந்தது.

நடந்தது இதுதான். தோணிகளில் சரக்கேற்றும் ஆட்களுக்குத் தலைவராக இருந்த துரைசாமி, ஆற்றோரத்துப் பழைய கிடங்கு ஒன்றை இடித்தபோது, மழையில் நனைந்துகொண்டு கேட்பாரற்றுக் கிடந்த மெர்பாவ் மரக் கட்டைகளைப் பார்த்தார். மெர்பாவ் என்றால் லேசுப்பட்ட மரமல்ல. இரும்பு மாதிரி கனம், தலைமுறை தலைமுறையாக உழைக்கும். தங்கள் சந்திலிருந்த கந்தசாமி கோயிலுக்கு அந்த மரத்தில் ஒரு வாசல் கதவு செய்து போடுவதாக வேண்டிக்கொண்டு, கொட்டும் மழையில் லோரி வைத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். சேர்த்த கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடிவிட்டார். மரம் கமிட்டியின் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது, அல்லது காய்ந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து தச்சர் கப்பலேறிவிட்டார். இந்த நேரம் பார்த்து, வியாழக்கிழமை காலை கொட்டகையைத் திறந்தால், ஒரு கட்டைகூட இல்லை!

பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டு. ஒன்று துரைசாமியின் தம்பியும் கமிட்டிச் செயலாளருமான வடிவேலுவிடம். மற்றது காவலுக்கிருந்த ஜாகா நூர்தீனிடம். வடிவேலு நேராகத் துப்பறியும் ஆபீசுக்கு ஓடிவந்தார். சேதுபதி அப்போது ஜொகூரில். கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த சிலுவைராஜிடம், "யாரு எடுத்திருப்பா சார்?" என்று கேட்டார். சார் என்று கூப்பிட்டால் சிலுவைராஜுக்குத் தலைகால் புரியாது.

"இதுல என்ன கஷ்டம்? நூர்தீன் பாய்தான் கேட்டத் தெறந்துவிட்டு, மரத்துக்கெல்லாம் டாட்டா காட்டி வழியனுப்பி வெச்சிருப்பாரு," என்றான்.

கடையே சிரித்தது. வடிவேலு மட்டும் சிரிக்கவில்லை. துப்பறியும் ஆபீசின் முடிவு அதுதான் என்று நினைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார். போலீஸ் வந்து பார்த்தபோது, நூர்தீனின் கைலியில் வெற்றிலைச் சாற்றைக் கொட்டின மாதிரி செங்காவிக் கறை. நனைந்த மெர்பாவைத் தொட்டால் அப்படித்தான் சாயம் ஒட்டும். எங்கே மரம் என்று கேட்டார்கள். நூர்தீன் வாயைத் திறக்கவேயில்லை.

படியேறி மேலே போனபோது சேதுபதி வந்திருந்தார். முன்னாளில் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், இப்போதும் சட்டைப் பையில் பேனாவும் காய்ந்த புளிப்பு அசாம்போய்ப் பழமும் வைத்திருப்பவர். பழமொன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "சிலுவை, அந்த ஜோக்க இன்னொரு தரம் சொல்லு," என்றார்.

"வேணாம்ணே."

"சொல்லு லா. நான் ஊர்ல இல்லாதப்போ என் ஆபீஸ் என்ன முடிவு சொல்லிச்சுன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

சொன்னான். வியாழக்கிழமை அத்தனை பேரைச் சிரிக்க வைத்த அதே வார்த்தைகள், இப்போது சொல்லும்போது அவனுக்கே நாக்கு கசந்தது.

"நல்ல ஜோக்குதான்," என்றார் சேதுபதி சிரிக்காமல். "வடிவேலு சாயங்காலம் புகார்ல கையெழுத்துப் போடப் போறாராம். போட்டாச்சுன்னா திங்கக்கிழமை கோர்ட்டு. அது என்ன கையில?"

"பாய் சம்சாரம் குடுத்தது. ஸ்டேஷன்ல குடுக்கணும்."

"குடுத்துட்டு வா, நான் கொட்டகைக்குப் போறேன்."

சிலுவைராஜ் தரையைப் பார்த்தான். "மொதல்ல கொட்டகைக்கே வர்றேன்ணே. வெறும் கையோட அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"கையிலதான் கேரியர் இருக்கே," என்றார் சேதுபதி. பிறகு என்ன நினைத்தாரோ, குடையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

கொட்டகையில் வடிவேலு காத்திருந்தார். மளிகைக்கடைக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் எப்போதும் ஒரு அவசரம். "சார், நான் எவ்வளவு ஜாக்கிரதையா வெச்சிருந்தேன் தெரியுமா? எடம் அடைக்கக் கூடாதுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கினேன். புதுத் தார்ப்பாய் வாங்கி, ஒரு பொட்டுக் காத்து உள்ள போகாம இறுக்கிக் கட்டினேன். அண்ணன் போட்ட வேண்டுதலாச்சே! அண்ணி வேற மூணு நாளா சோறு தண்ணி இல்லாம இருக்காங்க. காலையிலேயே எழுந்து எங்கயோ கோயிலுக்குப் போயிட்டாங்க."

"தார்ப்பாய் எங்கே?"

அது மூலையில் இருந்தது, சீராக நாலாக மடித்து.

மற்ற நாளாக இருந்தால், 'திருடன் நல்ல வீட்டுப் பிள்ளை போலிருக்கு, மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்' என்று சிலுவைராஜ் சொல்லியிருப்பான். நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

சேதுபதி தார்ப்பாயைப் பிரித்து முகர்ந்தார். உட்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். புளித்த வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வடிவேலுவிடம் நீட்டினார். "இது என்ன வாசனை?"

"மழை ஈரம் சார். வேறென்ன?" என்றார் வடிவேலு. கடையில் சரக்கு வந்து இறங்கும் நேரம் என்று சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

கூரை புதுத் தகரம். ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் சிமெண்டுத் தரையில் செங்காவிக் கறை, அதுவும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையம் வளையமாக.

"கழுவாத கோப்பிக் குவளைக்குள்ள பாத்திருக்கியா?" என்றார் சேதுபதி. "ஒரே தரம் ஊத்தினா ஒரே வளையம். இது பல தரம் நனைஞ்சு பல தரம் காஞ்சது. கூரை ஒழுகல, கதவு பூட்டியிருக்கு. அப்புறம் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"யாரோ ஊத்தியிருக்காங்க."

"எத ஊத்தினாங்க? அங்க பாரு."

சுவரோரம் எறும்புகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. சிலுவைராஜ் குனிந்து பார்த்தான். "மரத்துக்குக் கரையான்தானே வரும்ணே? எறும்புக்கு இங்க என்ன விருந்து?"

"அப்படிக் கேளு!" சேதுபதி தரையில் மண்டியிட்டார். மூலையில் காய்ந்துபோன பூக்காம்புகள், பூக்கட்டின வாழைநார், கொஞ்சம் திருநீறு. அதற்குப் பக்கத்தில் சுருட்டி அடைத்த ஒரு இலைத் தக்கை. அதை எடுத்து முகர்ந்துவிட்டு சிலுவைராஜின் மூக்கருகே நீட்டினார். பலகாரத்தில் போடும் பாண்டான் இலையின் மணம். அதையும் மீறிக்கொண்டு புளித்த பால் வாடை.

"பாலாபிஷேகமா? கட்டைக்கா?"

"கட்டைக்கு இல்ல, கதவுக்கு. சாமி வாசல்ல நிக்கப்போற கதவுன்னு யாரோ ஒருத்தர் வாரா வாரம் பூசை பண்ணியிருக்காங்க. பூ இருக்கு, பால் இருக்கு, திருநீறு இருக்கு. ஒண்ணு மட்டும் இல்ல. நல்லாப் பாரு."

சிலுவைராஜ் பார்த்தான். "எங்க மாதா கோயில்ல சாம்பல் புதன் வருஷத்துக்கு ஒரு நாள்தான். எனக்கு என்னண்ணே தெரியும்?"

"குங்குமம் இல்ல. ஒரு சின்னப் பொட்டுகூட இல்ல. மாவு மெஷின் வாங்கினாக்கூட மஞ்சள் குங்குமம் வெக்கிற ஆளுங்க நாங்க. இவ்வளவு ஆசையாப் பூசை பண்ணவங்க அத மட்டும் ஏன் விட்டாங்க?"

"தீந்து போயிருக்கும்."

"யோசிச்சுக்கிட்டே வா. பால் பாட்டிலுக்குப் பாண்டான் இலையில தக்கை வெக்கிற ஆளு தேக்கா மார்க்கெட் பக்கத்துல ஒருத்தர்தான் இருக்காங்க."

கெர்பாவ் ரோட்டில் பால்காரி பூவம்மாவின் மாட்டுக்கொட்டகை. ஒரு காலத்தில் கொட்டகை நிறைய மாடு இருந்தது. ஊருக்குள் மாடு கட்டக் கூடாது என்று அதிகாரிகள் வந்து வந்து நின்றதில், பாதியை விற்றுவிட்டாள். அந்தப் பாதிக் கொட்டகை காலி. சுவர் கிடையாது, மரச்சட்டம் அடித்த தடுப்புதான், ஆற்றுக்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே இடுப்புயரத்துக்குப் புல் குவிந்து கிடந்தது. அப்போதுதான் அறுத்து வந்த புல், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் இவர்களைக் கண்டதும் பூவம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். ஆள் பெரிய ஆள், குரல் அதைவிடப் பெரிசு. "என்னா சார், துப்பறியறவங்களுக்கு மாட்டுக்கொட்டாய்ல என்ன வேல?"

சிலுவைராஜ் காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. போய் அந்தப் புற்குவியலின்மேல் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டான். புல்லுக்கடியில் என்னவோ கட்டாந்தரை மாதிரி கெட்டியாக இருந்தது. அதைப்பற்றி யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

"இது உங்க பாட்டில் தக்கைதானே?" என்று சேதுபதி இலையை நீட்டினார்.

"என்னோடதுதான். ஊரு பூரா ஊத்துறேன். அதுக்கென்ன இப்போ?"

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கூட ஒரு பாட்டில் யாரு வாங்கறா?"

பூவம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அப்புறம் கழுத்தைத் துடைத்தாள். "நூர்தீன் பாய்," என்றாள்.

சிலுவைராஜுக்கு மனசு விட்டுப்போயிற்று. எறும்பைப் பிடித்து, பாலைப் பிடித்து, இவ்வளவு தூரம் வந்தது நூர்தீனை வெளியே எடுக்க. துப்பு திரும்பவும் அவர் தலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டதே! "பாய்க்கு எதுக்குக்கா வெள்ளிக்கிழமைப் பாலு?" என்று கேட்டான்.

"வாங்கினாரு, குடுத்தேன். ஏன்னு கேக்கறது என் வேலை இல்ல."

சேதுபதி அவளைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடு அந்தக் கோடியில நிக்குது. புல்லு இந்தக் கோடியில கெடக்குது. மாடு வந்து எடுத்துக்குமா?"

"இப்பத்தான் வந்து எறங்கிச்சு."

"அடடா, வெயில் ஏறுதே, வாடிப்போயிடுமே. எழுந்திரு சிலுவை. ரெண்டு வாளி தண்ணி ஊத்திடுவோம்." சொல்லிக்கொண்டே தொட்டியோரம் நிறைந்திருந்த வாளியை எடுத்து, புல்லுக்கு மேலே சாய்க்கப் போனார்.

"ஊத்தாதீங்க!"

தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. வாளியைப் பிடுங்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது. அதைக்கூட கவனிக்காமல் இரண்டு கையாலும் புல்லை அள்ளி அள்ளி அப்பால் எறிந்தாள்.

புல்லுக்கு அடியில் மெர்பாவ் கட்டைகள். செங்கல்லின்மேல் தரைபடாமல் தூக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே விரல் நுழையும்படி சின்னச் சட்டம் வைத்து, வெடிக்காமல் இருக்க முனைகளில் பெயிண்ட் பூசி, கல்யாண வீட்டில் இலை போட்ட மாதிரி ஒழுங்காக அடுக்கியிருந்தது. சொந்தப் பிள்ளை நனைந்துவிட்டாற்போல அவள் முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். வெள்ளை முந்தானையில் செங்காவி ஏறிக்கொண்டே போயிற்று.

"இப்பத்தான் காய ஆரம்பிச்சுது. ஈரப்புல்லப் போய் மேல போடலாமாக்கா?"

"ஆளுங்க வர்றாங்கன்னு பதறிப்போய் அள்ளிப் போட்டேன். எனக்கு என்னம்மா தெரியும்?" என்றாள் பூவம்மா. அவளுடைய பெரிய குரல் எங்கோ போய்விட்டது.

வந்தவள் துரைசாமியின் விதவை சிவகாமசுந்தரி. வடிவேலு சொன்ன அண்ணி.

சேதுபதி அவள் போட்ட வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். "சிலுவை, கொஞ்சம் திரும்பு." திரும்பினான். "ஈரத்துல உக்காந்தா கால்சட்டை என்ன கதியாச்சு பாரு. இதே கறைக்குத்தான் பாய் உள்ள இருக்காரு. உன்னயும் புடிச்சுக் குடுத்துடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிலுவைராஜ் பின்பக்கம் தடவிப் பார்த்துக் கையைப் பார்த்தான். வெற்றிலைச் சாறு மாதிரி சிவந்திருந்தது.

"சொல்லுங்க தங்கச்சி," என்றார் சேதுபதி.

சிவகாமசுந்தரி கட்டைகளின்மேல் கைவைத்தபடியே சொன்னாள். மரம் வந்த முதல் வெள்ளிக்கிழமை துரைசாமி ஒரு செம்புப் பால் ஊற்றி, 'முருகா, இது உன் கதவு' என்று கும்பிட்டாராம். அவர் போனபின் யாரும் செய்யவில்லை. "அவரு ஆரம்பிச்சத நிறுத்தினா சாமி குத்தமாயிடுமோன்னு பயம். ஆனா நான் கோயில் மரத்தத் தொடலாமா? கொழுந்தன் பாத்தா என்ன ஆகும்? பாய்கிட்டக் கேட்டேன். அவரும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாச் சேந்துதான் மழையில இந்த மரத்த ஏத்திக்கிட்டு வந்தாங்க. 'வெள்ளிக்கிழமை கேட்டத் தெறக்கறேன் தங்கச்சி, நீ வந்துட்டுப் போ'ன்னாரு. பாலும் அவரே வாங்கிக் குடுத்தாரு. குங்குமத்த மட்டும் நான் தொடல. திருநீறு வெச்சேன். தார்ப்பாயத் தூக்கிப் பால் ஊத்திட்டு, திரும்ப இருந்த மாதிரியே இறுக்கிக் கட்டிட்டு வந்துடுவேன்."

"அப்புறம்?"

"போன வாரம் தார்ப்பாயத் தூக்கினா, வரிசையா நாய்க்குடை மொளைச்சிருக்கு. விரல வெச்சா ஓரமெல்லாம் பொதபொதன்னு போகுது." அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "என் கை பட்டுத்தான் அழுகிப்போச்சு சார். தாலி அறுத்த கை. தொடக் கூடாதுன்னு தெரிஞ்சும் தொட்டேன். அவரோட வேண்டுதல நானே நாசம் பண்ணிட்டேன்."

நூர்தீன்தான் தைரியம் சொல்லியிருக்கிறார். துரைசாமி அடிக்கடி சொல்வாராம், மரத்துக்கு நடுவே காற்றுப் போக இடம் விடவேண்டும் என்று. புதன்கிழமை வடிவேலு சரக்கெடுக்கக் கிளம்பிப் போனதும், நூர்தீனும் பூவம்மாவின் வண்டிக்காரரும் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள்.

"காஞ்சு தச்சர் கையில போற வரைக்கும் வாயத் தெறக்கமாட்டேன்னு சொன்னாரு. 'நீ தொட்டது தெரிஞ்சா கமிட்டி மரத்தத் தூக்கி எறிஞ்சிடும் தங்கச்சி'ன்னாரு. போலீஸ் வரும்னு ரெண்டு பேரும் நெனைக்கல. யாரோ அவருதான் கேட்டத் தெறந்தாருன்னு அடிச்சுச் சொன்னாங்களாமே? மூணு நாளா ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போறேன், திரும்பி வர்றேன். பாய்க்காக வாயத் தெறந்தா எங்க வீட்டுக்காரரு கதவு போயிடும். சோறு எறங்கல சார்."

சிலுவைராஜ் கையிலிருந்த கேரியரைப் பார்த்தான். அது ஆறிப்போயிருந்தது. "அப்போ பாய்தான் கேட்டத் தெறந்தாரு," என்றான் மெதுவாக. "நான் சொன்னது நெசம்தான்."

"ஒரு எழுத்துப் பெசகாம நெசம்," என்றார் சேதுபதி.

பொய்யைச் சொல்லி ஒருவரை மாட்டிவிட்டிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க ஒரு வழியிருக்கும். நிஜத்தை எடுத்து, அது என்னவென்றே தெரியாமல், நாலு பேர் சிரிப்பதற்காக வீசியெறிந்ததற்கு என்ன சொல்லிக் கேட்பது? சிலுவைராஜுக்குத் தன் வாயையே பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

சேதுபதி பேனாக்கத்தியை எடுத்து ஒரு கட்டையின் ஓரத்தைச் சுரண்டினார். வெளிறிப்போன மேல்மரம் பஞ்சாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் கத்தி டக்கென்று நின்றது. உள்ளே செக்கச் செவேலென்று, கல் மாதிரி.

"இங்க வாங்க தங்கச்சி. தொட்டுப் பாருங்க. ஓரத்துல இருக்கிற எளம்பகுதிதான் போயிருக்கு. செதுக்கி எடுத்துட்டா கதவுக்கு ஒண்ணும் ஆகாது." அவள் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். "உங்க கை பட்டு அழுகல. பால் பட்டு அழுகுச்சு. காத்து படாம அழுகுச்சு. ஒட்டி ஒட்டி அடுக்கி, தார்ப்பாயில மூச்சு முட்டக் கட்டி, வாரா வாரம் பாலும் ஊத்தினா, சுமங்கலி ஊத்தியிருந்தாலும் இதே நாய்க்குடைதான் மொளைச்சிருக்கும்."

சிவகாமசுந்தரி விரலை எடுக்கவேயில்லை. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பூவம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றான் சிலுவைராஜ். வாழ்நாளில் அவன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வாக்கியம் பேசியதில்லை. "கேட்டத் தெறந்தது பாய்தான்னு சொன்ன ஆளு நான்தான். துப்பெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா ஜோக்கு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க, போலாம்," என்றாள். "நானும் வர்றேன்."

ஸ்டேஷனில் வடிவேலு மேசைக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். சேதுபதி பேச வாயெடுப்பதற்குள் சிலுவைராஜ் முந்திக்கொண்டான்.

"சார், போடாதீங்க! அன்னைக்கு நான் சொன்னது கண்டுபுடிச்சுச் சொன்னதில்ல. கோப்பிக்கடை ஜோக்கு. எங்க ஆபீசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தப்பு என்னோடது."

"ஜோக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர். "உன் ஜோக்குக்கு ஒரு மனுஷன் மூணு நாளா தரையில படுத்திருக்கான்."

"தெரியும் சார்."

சேதுபதி, வழியில் கொட்டகையிலிருந்து அறுத்து வந்த பூசணம் பிடித்த தார்ப்பாய்த் துண்டை மேசைமேல் வைத்தார். மரம் பத்திரமாக இருக்கிறது, அழுகத் தொடங்கியதைக் கண்டு ஜாகா அதைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றியிருக்கிறார், காவலுக்கு வைத்த ஆள் காவல் காத்திருக்கிறார், இதில் திருட்டு எங்கே வந்தது என்று கேட்டார்.

"அழுகிச்சா? ஏன் அழுகும்? நான் அவ்வளவு இறுக்கிக் கட்டினேனே!" என்றார் வடிவேலு.

"அதனாலதான்."

"அத பாய் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே? சொல்லாம ஏன் எடுத்தாரு?"

"எனக்காக," என்றாள் சிவகாமசுந்தரி, வாசலில் நின்றபடி. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பால் ஊத்தினது நான்தான் தம்பி."

வடிவேலுவின் முகம் சுருங்கியது. "அண்ணி! நீங்க... அந்த மரத்தத் தொட்டீங்களா?"

"மழையில லோரியிலேருந்து எறக்கினப்போ ஒரு பக்கம் உங்க அண்ணன் புடிச்சாரு, ஒரு பக்கம் பாய் புடிச்சாரு. நடுவுல நான் தாங்கிப் புடிச்சேன். நீங்க பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லல." சிவந்துபோன கையை நீட்டிக் காட்டினாள். "அதே கைதான் இது."

வடிவேலு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். "கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது?" என்றார் கடைசியில், சேதுபதியைப் பார்த்து.

"காத்துப் போகாம மூடி வெச்சு மரத்தக் கெடுத்தது நான்தான்னு சொல்லுங்க. அதுவும் நெசம்தானே?"

வடிவேலு பேனாவைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க அண்ணி," என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. எழுதி வைத்த புகாரை இன்ஸ்பெக்டர் இரண்டாகக் கிழித்தார்.

நூர்தீனை அழைத்து வந்தார்கள். மூன்று நாள் தாடி, கசங்கிய கைலி, அதில் காய்ந்துபோன அந்தக் கறை. வெளியே வந்ததும் அவர் சிவகாமசுந்தரியைத்தான் தேடினார். "மரம் காயுதா தங்கச்சி?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அப்புறம்தான் மனிதர் மூச்சு விட்டார்.

சிலுவைராஜ் கேரியரை நீட்டினான். "உங்க வீட்ல குடுத்தாங்க பாய். காலையிலயே குடுத்தாங்க. ஆறிப்போச்சு." அதற்குமேல் சொல்லவேண்டியதையும் சொல்லிவிட்டான், கோப்பிக்கடையில் தான் என்ன சொன்னான், எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதுவரை, எதையும் குறைக்காமல். "என்ன மன்னிச்சிடுங்க பாய்."

நூர்தீன் கேரியரை வாங்கிக் கீழே வைத்தார். சிலுவைராஜின் கால்சட்டையைப் பார்த்தார், குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தார். தன் கைலியைத் தூக்கி இரண்டு கறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சிரித்துவிடமாட்டாரா என்று சிலுவைராஜுக்கு ஏக்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.

"சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன் தம்பி," என்றார் நூர்தீன். "இது போகாது."